வாம்பயர் காதல் நாவல்: பாதியில் நிற்கிறேன், எப்படித் தொடர்வது?

சிவப்பணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வழக்கமாகத் தன்வரலாறு, மருத்துவ வரலாறு, பயண நூல் பகுதிகளில்தான் இருப்பேன். புனைகதை என்றால் துப்பறியும் கதை வரைக்கும் வருவேன். காதல் கதைப் பக்கம் போனதில்லை, பேய்க்கதை பிடிக்காது. இப்போது இரண்டும் சேர்ந்த ஒன்று கையில் இருக்கிறது. நானூற்றுச் சொச்சம் பக்கத்தில் ஒரு வாம்பயர் (ரத்தம் குடித்து வாழும் பேய்) காதல் நாவல்.

உடன் வேலை செய்யும் பெண் கொடுத்தாள். அவளுக்கு நான் ஒரு அறுவை சிகிச்சை நிபுணரின் தன்வரலாற்றைக் கொடுத்திருந்தேன். அவள் வழக்கமாகப் படிக்கிற வகையே இல்லை, ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்து என்னோடு விவாதித்தாள். "இப்ப என்னோடது ஒண்ணு நீங்க படிங்கக்கா" என்று இதை நீட்டினாள். அவள் படித்த அளவுக்கு அக்கறையோடு நானும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

என் வேலையைச் சொன்னால்தான் சிக்கல் புரியும். நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். பல வருடங்களாக ரத்தம்தான் என் வேலை. வகை பார்ப்பது, கொடுப்பவர் ரத்தம் வாங்குபவருக்கு ஒத்துப்போகுமா என்று கிராஸ்மேட்ச் செய்வது, பைகளின் தேதி பார்த்து அடுக்குவது, கொடையாளர் கையில் ஊசி போடுவது. ஆகவே இந்த நாவலில் ரத்தம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் நின்றுவிடுகிறேன். நாயகன் இரவுதோறும் நாயகியிடம் கொஞ்சம் குடிக்கிறான், அவள் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாள். வளர்ந்த ஒருவர் உடம்பில் இருப்பது ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு முறை கொடையாக எடுப்பது 350 அல்லது 450 மில்லி. போன திரவம் ஓரிரு நாளில் நிரம்பிவிடும், ஆனால் சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வரப் பல வாரங்கள் ஆகும். இந்தப் பெண்ணுக்கு இரண்டாவது வாரத்திலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க வேண்டும். கழுத்தில் கடிப்பது இன்னொன்று. அங்கே இருக்கும் தமனியில் துளை விழுந்தால் கைக்குட்டையால் ஒற்றி நிறுத்திவிட முடியாது. இன்னொரு காட்சியில் அவன் ரத்தப் பையைத் திறந்து கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறான். பையில் ரத்தம் உறையாமல் இருக்க சிட்ரேட் கலந்திருக்கும், அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பையை எத்தனை பேர் எத்தனை பரிசோதனைக்குப் பிறகு அலமாரியில் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காட்சியில் எனக்குக் கோபமே வந்தது. யாரோ ஒரு நோயாளிக்காகக் கொடுத்தது அது.

இதையெல்லாம் கடந்துவிடலாம். இது கற்பனை, சரி. எனக்கு உண்மையில் தடையாக இருப்பது வேறொரு காட்சி. நாயகி தூங்கும்போது அவன் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து விடியும்வரை அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பல இரவுகள். பிறகு அவளுக்கு இது தெரியவரும்போது அவள் நெகிழ்ந்துபோகிறாள். அந்தப் பக்கத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கள் இடத்தில் ஒருவர் கையைத் தொடுவதற்கு முன்னால் கேட்கிறோம். படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கூட ஊசி ஏறிய பிறகு வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அந்த நொடியே நிறுத்துவோம், ஏன் என்று கேட்க மாட்டோம். இந்தப் பழக்கத்தோடு அந்தக் காட்சியை என்னால் காதலாகப் படிக்க முடியவில்லை.

ஆனால் விட்டுவிடவும் மனம் வரவில்லை. நாயகி பழைய காகிதங்களைச் செப்பனிடும் வேலை செய்பவள். பூச்சி அரித்த ஒரு கடிதக் கட்டு அவளிடம் வருகிறது. அதை எழுதியவன்தான் நாயகன், இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால், தன் தங்கைக்கு. ஒரு அத்தியாயத்தில் அவள் ஒட்டிக் கொடுத்த கடிதத்தை அவன் வாங்கிப் படிக்கிறான். தங்கையின் முகம் அவனுக்கு மறந்துவிட்டது. கடிதத்தின் ஓரத்தில் தங்கை எழுதிவைத்த குறிப்பின் கையெழுத்து மட்டும் அடையாளம் தெரிகிறது. இந்த எட்டுப் பத்துப் பக்கம் நான் படித்த எந்தத் தன்வரலாற்றிலும் உள்ள துக்கத்துக்குக் குறைந்ததில்லை. எழுதியவருக்கு இழப்பு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

அதனால் கேட்கிறேன். இந்த வகையைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஜன்னல் காட்சி மாதிரியான இடங்களை எப்படி வாசிக்கிறீர்கள்? இந்த வகைக்கென்று உள்ள வழக்கம் என்று ஏற்றுக்கொள்வதா, அல்லது கேள்வி கேட்டுக்கொண்டே படிப்பதா? நாவலின் பெயரைச் சொல்லவில்லை, படிக்கப்போகிறவர்களுக்குக் கதை தெரிந்துவிடும். இதைக் கொடுத்த பெண்ணிடம் "நல்லா இருந்தது" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை.


நள்ளிரவு வாசகி எழுதியது:

சிவப்பணு அக்கா, முதலில் நன்றி. "இதெல்லாம் ஒரு புத்தகமா" என்று ஆரம்பிக்கும் கேள்விகளைத்தான் இந்தப் பகுதியில் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிக் கேட்கவில்லை.

நான் காதல் நாவல்களைப் பள்ளி வயதிலிருந்து படிக்கிறேன். இந்த வகை வாசகருக்கு ஒரு வாக்குறுதி கொடுக்கிறது. காதல்தான் கதையின் நடு எலும்பாக இருக்கும், முடிவு நம்பிக்கை தருவதாக இருக்கும். துப்பறியும் கதையில் கொலையாளி யாரென்று கடைசியில் தெரிந்துவிடும் என்று நீங்கள் நம்பித்தானே படிக்கிறீர்கள்? அதே மாதிரிதான். இருவரும் சேர்வார்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். எந்த வழியாகச் சேர்கிறார்கள், அதற்காக ஒவ்வொருவரும் எதை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் படிக்கிறோம். முடிவு தெரிந்திருப்பதால்தான் நடுவில் வருகிற பயத்தையும் ஆசையையும் துணிந்து அனுபவிக்க முடிகிறது.

வாம்பயர் வந்தவுடன் இதில் ஒரு சிக்கல் சேர்கிறது. அவனால் அவளைக் கொல்ல முடியும், அது இருவருக்கும் தெரியும். சாதாரணக் காதல் கதையில் பூடகமாக இருக்கிற பலத்தின் ஏற்றத்தாழ்வு இங்கே வெளிப்படையாகவே நிற்கிறது. யாருக்குப் பலம் அதிகம், யார் யாரை நம்புகிறார்கள், நம்பிக்கை உடைந்தால் யாருக்கு நஷ்டம் என்று ஒவ்வொரு காட்சியிலும் பார்க்கலாம். நல்ல எழுத்தாளர் இதைத் தெரிந்துகொண்டே எழுதுவார். சுமாரான எழுத்தாளர் பல் பளபளப்பை வர்ணித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஜன்னல் காட்சி பற்றி. வழக்கம் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். நாங்களும் ஏற்றுக்கொள்வதில்லை. தூங்கும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாயகனைப் பற்றி இந்த வகையின் வாசகர்களுக்குள்ளேயே வருடக்கணக்காகச் சண்டை நடக்கிறது. அது கற்பனைக்குள் பாதுகாப்பாக அனுபவிக்கிற ஆபத்து என்று சிலர் சொல்வார்கள். "அவளுக்குத் தெரியாமல் நடந்தது எனக்கு வேண்டாம்" என்று என்னைப் போன்றவர்கள் சொல்வோம். இரண்டு பேரும் அடுத்த நாவலை வாங்கிப் படிக்கத்தான் செய்வோம்.

ஒன்றை மட்டும் கவனித்துப் படியுங்கள். வாம்பயர் கதைகளில் அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது என்று ஒரு விதி உண்டு. உங்கள் நாவலில் அந்த விதி இருக்கிறதா? இருந்தால், அவன் எப்படி ஜன்னலைத் தாண்டினான்? எனக்கு இந்த வகையில் கடிக்கும் காட்சியைவிட வாசல் காட்சிதான் முக்கியம். அவன் வெளியே நிற்கிறான், அவள் உள்ளே நிற்கிறாள், அவள் சொல்ல வேண்டும். அந்த இடத்தை எழுத்தாளர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தாலே புத்தகத்தின் தரம் எனக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், ரத்தம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என்னால் பழையபடி படிக்க முடியுமா என்று தெரியவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்குகிற நாயகியை யாராவது எழுத வேண்டும், உண்மையாகவே சொல்கிறேன்.


மூன்றாம் வரிசை எழுதியது:

பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். நான் ஒரு பேய்க்காதல் நாவலை நூறு பக்கத்தில் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்தவரிடம் எந்த இடத்தில், எதனால் நின்றேன் என்று சொன்னேன். அதிலிருந்தே நல்ல பேச்சு வந்தது. முழுக்கப் படித்தால்தான் மரியாதை என்று இல்லை. ஆனால் கடிதக் காட்சியைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், நிறுத்த மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது.


பழைய ஏடு எழுதியது:

மருத்துவ வரலாறு படிப்பவர் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு இந்த வகைக்குள் நுழைய ஒரு நல்ல வாசல் இருக்கிறது.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல் வெளிவந்தது. அதில் லூசி என்ற பெண் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிறாள். அவளைக் காப்பாற்ற நான்கு ஆண்களின் ரத்தத்தை அடுத்தடுத்து ஏற்றுகிறார்கள். முதலில் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஆர்தர், அடுத்து டாக்டர் சீவர்ட், பிறகு வான் ஹெல்சிங், கடைசியில் குவின்சி மாரிஸ். வகை பார்க்கிற பேச்சே கிடையாது. இருக்கவும் முடியாது. கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1901இல், அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1930இல். ஸ்டோக்கர் எழுதியபோது ஒருவர் ரத்தம் இன்னொருவருக்கு ஏன் சில நேரம் உயிர் கொடுக்கிறது, சில நேரம் கொன்றுவிடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் கேள்விக்கு நேராக வருவது அடுத்த விஷயம். லூசி இறந்த பிறகு, தன் ரத்தம் அவள் உடம்பில் கலந்ததால் தாங்கள் இருவரும் உண்மையாகவே கணவன் மனைவி ஆகிவிட்டதாக உணர்வதாக ஆர்தர் சொல்கிறான். மற்ற மூவரும் தாங்களும் கொடுத்ததை அவனிடம் சொல்லாமல் மறைத்துவிடுகிறார்கள். பயங்கரக் கதை என்று பெயர் எடுத்த நாவலிலேயே ரத்தம் கொடுப்பது கல்யாணத்துக்குச் சமமாக வந்துவிட்டது. இன்றைய வாம்பயர் காதல் நாவல் எங்கிருந்தோ திடீரென்று முளைத்ததில்லை.

இன்னும் பின்னால் போனால், 18ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய கிராமத்து வாம்பயரில் காதலுக்கு இடமே இல்லை. 1732இல் ராணுவ மருத்துவர்கள் செர்பியாவில் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து எழுதிய அறிக்கை ஒன்று இருக்கிறது. அதில் வருவது உப்பிய உடல், சிவந்த தோல், வாயோரம் ரத்தம். அழுகும் உடலில் வாயு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், அந்தக் காலத்தில் அது தெரியவில்லை. அந்தக் கிராமத்துச் சடலத்தை அழகான பிரபுவாக மாற்றியவர் ஜான் பொலிடோரி. கவிஞர் பைரனின் மருத்துவர். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று நண்பர்கள் பேசிக்கொண்டதில் பிறந்தது அவர் கதை. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' பிறந்ததும் அந்தக் கூட்டத்தில்தான். பொலிடோரியின் கதை 1819இல் அச்சானபோது பைரன் எழுதியது என்று போட்டுவிட்டார்கள். பாவம், அவர் பெயர் நிலைபெற வெகுகாலம் ஆயிற்று. கவர்ச்சியான, பணக்கார, ஆபத்தான வாம்பயர் அங்கிருந்துதான் தொடங்குகிறான்.

பிறகு 1872இல் புத்தகமாக வந்த ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா'. டிராகுலாவுக்கு 25 வருடம் முந்தியது. இரண்டு இளம்பெண்களுக்கு இடையிலான ஈர்ப்பு அது. கதை சொல்லும் லாராவுக்கு வெறுப்பும் பிரியமும் ஒரே நேரத்தில் வருகிறது. இரண்டையும் அவள் மறைக்காமல் சொல்கிறாள். அளவில் குறுநாவல்தான், ஒரே மூச்சில் படிக்கலாம். உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

நள்ளிரவு வாசகி சொன்ன அழைப்பு விதி டிராகுலாவில் இருக்கிறது. வீட்டிலுள்ள ஒருவர் அழைத்தால்தான் முதல் தடவை உள்ளே வர முடியும், அதன் பிறகு அவன் நினைத்தபோது வரலாம் என்று வான் ஹெல்சிங் விளக்குகிறார். அதேசமயம் வெயில் பட்டால் வாம்பயர் அழிந்துவிடும் என்ற விதி அந்த நாவலில் கிடையாது. டிராகுலா பகலில் நடமாடுகிறான், சக்திதான் குறைவு. வெயிலில் அழிவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப் படத்திலிருந்து பரவியது. அதிலும் ஒரு பெண் தன் விருப்பத்தோடு அவனைச் சேவல் கூவும்வரை தன்னருகே நிறுத்திவைக்கிறாள்.

விதிகளை ஒவ்வொரு எழுத்தாளரும் தேவைக்கு எடுத்துக்கொள்கிறார்கள், தேவைக்கு விட்டுவிடுகிறார்கள். உங்கள் நாவலாசிரியர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று பார்த்தால் அவர் மனசு தெரியும்.


வௌவால் தோழன் எழுதியது:

நான் உயிரியல் பாடம் நடத்துபவன். ரத்தம் குடிக்கும் வௌவால்கள் மூன்று இனம், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் வாழ்கின்றன. அவை உறிஞ்சுவதில்லை, சின்னதாகக் கீறிவிட்டு நக்குகின்றன. அவற்றின் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது, அதில் ஒன்றுக்கு 'டிராகுலின்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து இதைச் சொல்கிறேன். இரண்டு மூன்று இரவு தொடர்ந்து இரை கிடைக்கவில்லை என்றால் அந்த வௌவால் செத்துப்போகும். அப்படிப் பசியோடு திரும்பிய வௌவாலுக்கு, வயிறு நிறைந்த இன்னொன்று தான் குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டும். ஜெரால்டு வில்கின்சன் என்ற ஆய்வாளர் 1984இல் இதை வெளியிட்டார். உறவுக்கு மட்டும் இல்லாமல், முன்பு தனக்கு ஊட்டிய கூட்டாளிக்கும் திருப்பி ஊட்டுகிறது. ரத்தத்தை வைத்து நட்பு நடத்துகிற விலங்கு உண்மையிலேயே இருக்கிறது. நாவலாசிரியர்கள் இதை அதிகம் எடுத்துக்கொள்ளாதது எனக்கு வருத்தம்.


சிவப்பணு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முடித்துவிட்டேன். மூன்றாம் வரிசை சொன்னது சரி, நிறுத்த முடியவில்லை.

பழைய ஏடு ஐயா, லூசியின் கதையைப் படித்தவுடன் எனக்குக் கை பரபரத்தது. நான்கு கொடையாளர், கிராஸ்மேட்ச் இல்லை. லூசி ஏபி வகையாக இருந்திருந்தால் நான்கு பேருடைய சிவப்பணுக்களையும் அவள் உடம்பு ஏற்றுக்கொண்டிருக்கும். பெரும்பாலான மக்களிடையே நான்கு வகையில் குறைவாகக் காணப்படுவது அதுதான். ஓ வகையாக இருந்து, வந்தவர்களில் ஒருவர் ஏ வகையாக இருந்தால்கூட, வாம்பயருக்கு முன்னால் அந்த ரத்தமே அவளைக் கொன்றிருக்கலாம். இன்றும் எங்கள் வேலையில் நாங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். 1897இல் ஒருவர் இதையெல்லாம் அறியாமல், ஆனால் ரத்தம் கொடுப்பதில் இருக்கிற நெருக்கத்தை அவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் புதிது. ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்திருக்கும் சிலர் "யாருக்குப் போகும்?" என்று கேட்பார்கள். சொல்ல மாட்டோம், சொல்லக் கூடாது. கேட்கும்போது அவர்கள் முகத்தில் வருவது என்னவென்று எனக்கு இப்போதுதான் ஒரு பெயர் கிடைத்த மாதிரி இருக்கிறது.

நாவலுக்கு வருகிறேன். நள்ளிரவு வாசகி, நீங்கள் சொன்னபடி வாசலைத் தேடிக்கொண்டே படித்தேன். விதி அந்த நாவலில் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் கடிதக் கட்டைக் கொடுக்க வந்தவனை அவளே "உள்ளே வாங்க" என்கிறாள், மழை பெய்ததால். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பிறகு ஜன்னல் வழியாக வந்துகொண்டிருக்கிறான். டிராகுலாவில் உள்ள அதே விதி, ஒரு தடவை அழைத்தால் எப்போதும் வரலாம். இதைப் படித்ததும்தான் எனக்கு அந்தக் காட்சி ஏன் அவ்வளவு உறுத்தியது என்று தெளிவாயிற்று. எங்களிடம் ஐம்பதாவது தடவை கொடுக்க வருபவரும் புதிதாகப் படிவம் நிரப்ப வேண்டும். போன தடவை சொன்ன சரி போன தடவைக்குத்தான். உடம்பு மாறியிருக்கலாம், மனசு மாறியிருக்கலாம், கேட்டால்தானே தெரியும்.

எழுத்தாளருக்கும் இது தெரிந்தே இருந்திருக்கிறது. புத்தகத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் நாயகி ஜன்னலைத் தாழ்போடுகிறாள். சண்டை எதுவும் இல்லை. கடிதங்களைப் படிக்கும்போது, தங்கையின் கல்யாணத்தை அவன் தங்கையைக் கேட்காமலே முடிவுசெய்தது நாயகிக்குத் தெரியவருகிறது. அன்று இரவு தாழ் போடுகிறாள். அவனால் அழைப்பு விதிப்படி இன்னும் உள்ளே வர முடியும். வரவில்லை. வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கவில்லை. மறுநாளும் தட்டுகிறான். அவன் கேட்கக் கற்றுக்கொள்வதற்கே ஐந்து அத்தியாயம் போகிறது. அந்த அத்தியாயங்களில் கடி இல்லை, ரத்தம் இல்லை, முத்தம்கூட இல்லை. இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். இரண்டு நூற்றாண்டு வயதான ஒருவன் மாடிப்படியில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருக்கிறான்.

ஆனால் ஜன்னல் காட்சியை நான் மன்னிக்கவில்லை. அவன் மாறியதைக் காட்டிய எழுத்தாளர், அந்தப் பழைய இரவுகளைப் பற்றி நாயகி ஒரு கேள்வி கேட்பதாகவாவது எழுதியிருக்க வேண்டும். அவள் நெகிழ்ந்தது நெகிழ்ந்ததாகவே நின்றுவிட்டது.

இன்னொரு குறை, என் கணக்கில் இதைவிடப் பெரியது. கடைசியில் அவளும் அவனைப் போல் ஆகிறாள். அவளுடைய முடிவுதான், ஒரு வருடம் அவகாசம் கேட்டு யோசித்து எடுத்த முடிவு, அது நன்றாக இருக்கிறது. ஆனால் அவளுக்கு அம்மா இருக்கிறார். உடம்பு முடியாதவர். அந்த அம்மா மூப்படைந்து இறப்பதை மகள் அதே முகத்தோடு நின்று பார்க்க வேண்டியிருக்கும். தங்கையின் முகம் மறந்துபோன ஒருவனை அவ்வளவு உருக்கமாக எழுதிய அதே எழுத்தாளர், அம்மாவுக்கு அரைப் பக்கம்தான் கொடுத்திருக்கிறார். நம்பிக்கையான முடிவு வேண்டும் என்ற வாக்குறுதிக்காக அந்தக் கதவை மூடிவிட்டார் என்று தோன்றியது. நம்பிக்கையோடு முடிக்கும்போதே அந்தத் துக்கத்துக்கும் இடம் கொடுத்திருக்க முடியும், அவரால் முடியும் என்பதற்குக் கடிதக் காட்சியே சாட்சி.

புத்தகத்தைக் கொடுத்த பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். மதிய இடைவேளை முழுக்கப் பேசினோம். அம்மா விஷயத்தில் அவள் என்னோடு ஒத்துப்போகவில்லை. அந்த அரைப் பக்கத்தில் அம்மா மகளிடம் "நீ போ" என்று மட்டும் சொல்கிறார். அதற்கு மேல் எழுதினால் அம்மாவின் அனுமதி கெஞ்சிப் பெற்றதாகிவிடும் என்கிறாள். அம்மாவும் கேட்கப்படாமலே சொன்னார், அதுதான் அழகு என்கிறாள். இதை நான் யோசிக்கவில்லை. அவள் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிடவில்லை, ஆனால் அந்த அரைப் பக்கத்தை மறுபடி படித்தேன்.

ரத்தப் பை காட்சியில் அவளுக்கும் எனக்கும் ஒரே கருத்து. அதை எடுத்தவன் திருடன், அவ்வளவுதான்.

வௌவால் தோழன், அந்த ஊட்டுகிற விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.


நள்ளிரவு வாசகி எழுதியது:

தாழ்போட்ட ஜன்னல், கதவைத் தட்டுதல். அக்கா, பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் இதைப் படித்தே ஆக வேண்டும். அம்மா விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான் என்று நினைக்கிறேன், படித்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். "போன தடவை சொன்ன சரி போன தடவைக்குத்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, இந்த வகையில் இவ்வளவு படித்த எனக்கு அழைப்பு விதியில் இருக்கிற அந்த ஓட்டை கண்ணில் பட்டதே இல்லை. ஒவ்வொரு இரவும் புதிதாக அழைக்க வேண்டும் என்று விதி வைத்து யாராவது எழுதினால் அது வேறு மாதிரியான காதல் கதையாக இருக்கும்.


பழைய ஏடு எழுதியது:

கார்மில்லாவை மறந்துவிடாதீர்கள். அதில் அவள் வீட்டுக்குள் வருவது வண்டி விபத்துக்குப் பிறகு. லாராவின் அப்பாதான், மகள் கெஞ்சியதால், அவளைத் தங்க வைத்துக்கொள்கிறார். இரக்கத்தால் கொடுத்த அழைப்பு. உங்கள் நாவலின் மழைக் காட்சியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடித்ததும் இந்த இழையிலேயே எழுதுங்கள், லாரா கடைசிவரை அவளை வெறுத்தாளா என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. நீங்கள் படிக்கும்வரை சொல்ல மாட்டேன்.


சிவப்பணு எழுதியது:

எடுத்துவிட்டேன். இந்த முறை இருவரும் சேர்ந்தே படிக்கிறோம், அவள் முதல் மூன்று அத்தியாயம் தாண்டிவிட்டாள். நான் அந்த வண்டி விபத்தில் இருக்கிறேன். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை.